இரவல் வாக்கியம்

ஆங்கிலம் தெரியாதவர்கள்தான் ஆங்கிலத்தைக் கண்டு பயப்படுவார்கள் என்று பொதுவாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. அகராதியைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அரைகுறையாகத் தெரிந்த காலத்தில் அவள் தைரியமாகத்தான் இருந்தாள். பஸ் நிறுத்தத்தில் வழி கேட்ட வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு நாலைந்து சொற்களையும் இரண்டு கைகளையும் வைத்து வழி சொல்லிவிட்டு, அவர் போய்ச் சேர்ந்திருப்பார் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனாள். பயம் பிடித்தது நன்றாகத் தெரிந்த பிறகுதான். எந்தெந்த இடத்தில் தப்பு வரலாம் என்பது தெரிவதற்கே நிறையப் படித்திருக்க வேண்டும் இல்லையா.

அகராதி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. கண் சொட்டு மருந்து செய்யும் தொழிற்சாலை ஒன்றில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் கூட வேலை பார்ப்பவர்கள் வைத்தது. எந்த ஆங்கிலச் சொல்லுக்கும் கேட்டவுடன் பொருள் சொல்வாள் என்பது ஒரு காரணம். கேட்காவிட்டாலும் சொல்வாள் என்பது இன்னொன்று. அகராதி பிடித்தவள் என்று பேச்சில் யாரைச் சொல்வார்கள் என்பதும் அவளுக்குத் தெரியாததல்ல. யார் எந்தப் பொருளில் கூப்பிடுகிறார்கள் என்பதைக் குரலை வைத்து முடிவு செய்துகொள்வாள்.

அவளுடைய வேலை ரிப்போர்ட் எழுதுவது. தொழிற்சாலையில் ஏதாவது கோளாறு நடந்தால், குப்பி விரிசல் விட்டாலோ லேபிள் கோணலாக ஒட்டிக்கொண்டாலோ, ஏன் நடந்தது என்று விசாரித்து ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்தவள். கல்லூரியில் புத்தகம் ஆங்கிலம், வாத்தியார் தமிழ், பரீட்சை மனப்பாடம். வேலையில் சேர்ந்த புதிதில் முதல் ரிப்போர்ட்டை எழுதி முடிப்பதற்குள் ஜுரமே வந்துவிட்டது. அப்போதுதான் அலமாரியில் கிடந்த பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினாள். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த யாரோ ஒரு மனிதர் ஆங்கிலத்தை இஸ்திரி போட்ட சட்டை மாதிரி வைத்திருந்தார். எங்கும் ஒரு சுருக்கம் இல்லை.

அவள் அந்த மனிதரின் வாக்கியங்களை எடுத்துக்கொண்டாள். சொல் சொல்லாக அல்ல, காம்போடு பூப்பறிக்கிற மாதிரி முழுசு முழுசாக. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள். பிறகு காதில் ஆங்கிலச் செய்தியை மாட்டிக்கொண்டு, வாசிப்பவர் ஒரு சொல்லை முடிப்பதற்குள் தானும் பின்னாலேயே முணுமுணுத்துக்கொண்டு போவாள். பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாகவே இருந்தது. கூட்டத்திலும் உட்கார இடம் கிடைப்பது மொழிப்பயிற்சியின் எதிர்பாராத நன்மை.

இப்படியே வருடங்கள் ஓடின. வாக்கியங்கள் மூளையில் இருந்து நாக்குக்கு இறங்கிவிட்டன. மருந்து வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியில் இருந்து, உங்கள் ரிப்போர்ட்டுகளை எழுதுவது யார், படிக்க அருமையாக இருக்கின்றன என்று எழுதியிருந்தார்கள். அதை மேனேஜர் மீட்டிங்கில் வாசித்தார். வாசித்த விதத்தில் பாராட்டு அவருக்கு வந்த மாதிரி இருந்தது.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூரில் இருந்து ஆடிட்டர் வந்தால், அதாவது மருந்து ஒழுங்காகச் செய்யப்படுகிறதா என்று சோதிக்கும் அதிகாரி வந்தால், இரண்டு அறைகளைத் தயார் செய்வார்கள். முன்னறையில் ஆடிட்டர் உட்காருவார், எதிரே நன்றாகப் பேசுகிறவர்கள் உட்காருவார்கள். பின்னறையில் நன்றாக வேலை தெரிந்தவர்கள் ஒளிந்திருப்பார்கள். முன்னறை மூலையில் ஒருவர் கம்ப்யூட்டரில் கேள்விகளையும் பதில்களையும் அப்படியே தட்டிக்கொண்டிருப்பார். அது பின்னறைத் திரையில் ஓடும். கேட்ட காகிதத்தைப் பின்னறையில் தேடி எடுத்துக் கொடுத்தனுப்புவார்கள். பேசத் தெரிந்தவரையும் விஷயம் தெரிந்தவரையும் ஒரே ஆளாக வைத்திருக்க எந்த நிர்வாகத்துக்கும் தைரியம் வந்ததில்லை.

அகராதி எல்லா ஆடிட்டிலும் பின்னறைதான். அதில் அவளுக்கு மனக்குறை எதுவும் இல்லை. முன்னறை மேனேஜருடையது. அவருக்கு மைக் என்று பெயர். கையில் மைக் கொடுத்தால் விட மாட்டார் என்பதால் அல்ல, கொடுக்காமலே அப்படித்தான்.

இந்த முறை வந்த ஆடிட் சாதாரணமானது இல்லை. ஏற்றுமதிக்கென்று தனியாக ஒரு லைன் ஓடிக்கொண்டிருந்தது. ஆடிட்டர் வேண்டாம் என்று எழுதிவிட்டால் அந்த லைனை மூடிவிடுவார்கள். அகராதியின் வேலை அந்த லைனோடு கட்டிப்போட்டது. அவள் வீட்டுக்காரர் அதே லைனில் பேக்கிங்கில் இருந்தார். வீட்டில் இரண்டு சம்பளமும் ஒரே குழாயில் வந்துகொண்டிருந்தன. குழாயை மூடினால் இரண்டும் நிற்கும்.

ஆடிட்டுக்கு முந்தின வாரங்களில், முன்னறைக்குப் போகவே போவதில்லை என்று தெரிந்தும் அவள் தயார் செய்தாள். பயப்படுகிறவர்களுக்கு அவசியம் என்று ஒன்று தேவையில்லை. வீட்டுக்காரர் சாயங்காலம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஆடிட்டராக நடிப்பார். அவருக்கு ஆங்கிலத்தில் உருப்படியாகக் கேட்கத் தெரிந்த கேள்வி 'ஏன்' ஒன்றுதான்.

"குளிர் அறைக் கதவு திறந்து கிடந்தது," என்று அவள் ஆங்கிலத்தில் ஆரம்பிப்பாள்.

"ஏன்?"

"தள்ளுவண்டி இடித்ததில் கதவின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது."

"ஏன்?"

"என்னங்க, வேற ஏதாவது கேளுங்களேன்."

"நிஜ ஆடிட்டர் மட்டும் வேற என்னத்தைக் கேக்கப்போறாரு? கோட்டு போட்டுக்கிட்டு இதையேதான் கேப்பாரு. நான் பனியனோட கேக்கறேன்."

குளிர் அறை விஷயம் உண்மையில் நடந்ததுதான். ஒரு பிற்பகல் கதவு சரியாகச் சாத்தாமல் கிடந்து, உள்ளே சூடு ஏறி, அலாரம் அடித்தது. அங்கிருந்த மருந்தையெல்லாம் கொட்டிவிட்டார்கள். அகராதி போய் விசாரித்தாள். விசாரித்தாள் என்றால், டீ குடிக்கும் இடத்தில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், இவளும் போய் நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள் குளிர் அறையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன், "நான்தாம்மா சரியா சாத்தல. வண்டி இடிச்சுது, பார்த்துட்டுதான் போனேன், ஆனா இழுத்துப் பார்க்கல," என்று சொல்லிவிட்டார். ஸ்பிரிங்கை மாற்றினார்கள். அவள் நடந்ததை நடந்தபடி எழுதினாள். ரிப்போர்ட்டில் ஒரு எழுத்து பொய் கிடையாது.

ஆடிட்டர் ஒரு பெண்மணி. சாம்பல் நிறக் கோட்டு, சின்ன பேனா. அதிகம் பேசவில்லை. அவருக்கும் சேர்த்து மைக் பேசினார். பின்னறையில் எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னறையில் தட்டச்சுக்கு உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட் அக்காவுக்கு விரல் வலி கண்டிருக்கும், அவ்வளவு வேகமாகத் திரை ஓடியது. எங்கள் தொழிற்சாலையில் கதவு என்பது ஒரு கலாச்சாரம் என்கிற வரி வந்தபோது பின்னறையில் ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதற்கடுத்து ஆடிட்டரின் வரி வந்தது. *இந்த ரிப்போர்ட் தெளிவாக இருக்கிறது. இதை எழுதியவரோடு பேச விரும்புகிறேன்.*

அறையில் இருந்த எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

"போ அகராதி. எத்தனை வருஷமா எங்களுக்கு அர்த்தம் சொன்ன, இப்ப அங்க போய்ச் சொல்லு," என்றார் பக்கத்தில் இருந்தவர். கிண்டல்தான். ஆனால் சொன்னவர் சிரிக்கவில்லை.

பின்னறைக்கும் முன்னறைக்கும் நடுவில் ஒரு நடை. அதன் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேக்கிங். வீட்டுக்காரர் தலையில் வலைத்தொப்பியோடு அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்று யாரும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று உத்தரவு. அகராதி அவரைத் தாண்டி நடந்தாள். இத்தனை வருடம் சேர்த்து வைத்த மொழியில் ஒரு சொல்லாவது இருக்கிறதா என்று உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். 'குட் மார்னிங்' மட்டும் கிடைத்தது. அப்போது மத்தியானம்.

முன்னறையில் உட்கார வைத்தார்கள். மைக் ஒரு புன்னகையைக் காட்டினார். அது தைரியம் சொல்வதற்கா எச்சரிப்பதற்கா என்று தெரியவில்லை. ஆடிட்டர் ரிப்போர்ட்டைத் திருப்பி வைத்து, மெதுவாகக் கேட்டார்.

"கதவைச் சாத்தாததுதான் காரணம் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?"

எளிய கேள்வி. வீட்டுக்காரர் கேட்டதைவிட எளியது. அகராதிக்குப் புரியவும் செய்தது. புரிந்த மாத்திரத்தில் மூளை வெளுத்துப்போய்விட்டது. ஆனால் வாய் திறந்தது. ஏனென்றால் அவள் பயிற்சி கொடுத்தது வாய்க்கு.

"சம்பந்தப்பட்ட பணியாளர்கள் அனைவரும் தனித்தனியாக விசாரிக்கப்பட்டு, அவர்களின் வாக்குமூலங்கள் அன்றே எழுத்தில் பதிவு செய்யப்பட்டன."

அப்பழுக்கற்ற ஆங்கிலம். ஏற்ற இறக்கம்கூடச் செய்தி வாசிப்பவர் மாதிரியே இருந்தது. மைக் தலையை ஆட்டி ரசித்தார். மூலையில் டைப்பிஸ்ட் அக்கா அதைப் பிழையில்லாமல் தட்டினாள். சொல்லி முடித்த பிறகுதான் அகராதியின் காதில் அது விழுந்தது. அது அந்தப் பழைய மனிதரின் வாக்கியம். வேறொரு வருடத்தில், வேறொரு கோளாறுக்கு, வேறு யாரையோ விசாரித்தபோது எழுதியது. அவள் பஸ்ஸில் அதிகம் சொல்லிப் பழகியது அதைத்தான், ஓசை நன்றாக இருக்கும் என்று.

"நல்லது," என்றார் ஆடிட்டர். "அந்த வாக்குமூலங்களைப் பார்க்கலாமா?"

மைக் உடனே, "கண்டிப்பாக. ஆவண அறையில் இருக்கின்றன. இவரே போய் எடுத்து வருவார்," என்று சொல்லி, தானும் கூடவே எழுந்தார்.

பின்னறைக் கதவு சாத்தியதும் அவர் குரலைத் தாழ்த்தினார். அவர் குரல் தாழ்ந்து யாரும் கேட்டதில்லை.

"எங்கம்மா அதெல்லாம்?"

"இல்ல சார்."

"இல்லன்னா?"

"எடுக்கவே இல்ல சார். டீ குடிக்கிற இடத்துல எல்லாரும் ஒண்ணா நின்னு பேசினோம். வாய் தவறி வந்திடுச்சு."

"வாய் தவறி இவ்வளவு நல்ல இங்கிலீஷ் வருமா?" மைக் ஒரு நிமிடம் நிஜமாகவே வியந்தார். பிறகு கையைத் தேய்த்துக்கொண்டார். "சரி விடு. நாலு பேரு, நாலு காகிதம். நீ எழுது. அன்னிக்கு தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிடலாம். அவங்க சொன்னதைத்தானே எழுதப்போற."

வாக்குமூலம் என்ற சொல் திரையில் வந்ததுமே குளிர் அறை அண்ணனைப் பின்னறைக்குக் கூட்டி வந்திருந்தார்கள். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, சுவரைத் தொடாமல் சுவரோரம் நின்றார். ஆடிட் சமயத்தில் எதைத் தொடலாம் எதைத் தொடக் கூடாது என்று அவருக்குக் குழப்பம்.

"நான் சொன்னதைத்தானேம்மா எழுதுவீங்க?"

"ஆமாண்ணா."

"அப்ப சரி. ஆனா பழைய தேதி போடணும்னு சொல்றாங்க. நான் இப்பதானே கையெழுத்து போடறேன்." அவர் மைக்கைப் பார்த்துவிட்டு மறுபடி இவளைப் பார்த்தார். "கேட்டா நான் என்ன சொல்லணும்? எனக்குப் பொய் சொல்ல வராதும்மா. கதவு விஷயத்துலயே பாருங்க, நீங்க கேக்கறதுக்கு முன்னாடி உளறிட்டேன்."

அகராதி வெள்ளைக் காகிதத்தைப் பார்த்தாள். எழுத வேண்டிய வாக்கியங்கள் அவளுக்குள் வரிசையாகத் தயாராக நின்றன, அழைத்தால் ஓடி வர. அதுதான் அவளை நடுங்க வைத்தது. அவள் அழகாக எழுதுவாள், அவர் கையெழுத்துப் போடுவார், ஆடிட்டர் அந்த மனிதரை ஒரு கேள்வி கேட்பார். மாட்டுவது அவர். உண்மையைச் சொன்னால் போவது லைன். கண்ணாடிக்கு அப்பால் டேப் கிழிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் சொன்னது தப்பு என்று போய்ச் சொல்ல வேண்டும். அதற்கான வாக்கியத்தைத் தேடினாள். வருடக்கணக்கில் சேர்த்த அத்தனையையும் கலைத்துப் பார்த்தாள். கிடைக்கவில்லை. பழைய ரிப்போர்ட்டுகளில் அப்படி ஒரு வாக்கியமே கிடையாது. அங்கே இயந்திரங்கள் பழுதடைந்தன, கதவுகள் திறந்திருந்தன, வெப்பம் உயர்ந்தது. எந்த மனிதரும் எந்த ஒரு வரியிலும், நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொன்னதில்லை. செய்தி வாசித்தவர்களும் சொன்னதில்லை.

"பேனா வேணுமா?" என்றார் மைக்.

"வேணாம் சார்," என்றாள். "நான் சும்மாவே போறேன்."

"சும்மான்னா?"

அவள் அதற்குள் கதவைத் திறந்திருந்தாள். பதில் சொல்ல நின்றிருந்தால் போயிருக்க மாட்டாள். மைக் பின்னாலேயே வந்தார். பிடித்து நிறுத்தியிருப்பார், ஆனால் முன்னறைக் கதவு கண்ணாடிக் கதவு. அதனால் புன்னகையோடு வர வேண்டியதாயிற்று.

அவள் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஆள் நடந்து போகிற அளவுக்கு இடைவெளி.

"காகிதம் இல்லை. நான் சொன்னது... சரியில்லை. ஒவ்வொருவராக நான் கேட்கவில்லை. எல்லோரும் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தோம். அந்த மனிதர் தானே சொன்னார். நான் கேட்பதற்கு முன்னால். அதை எழுதினேன். ரிப்போர்ட்டில் உள்ளது உண்மை. இங்கே சொன்னது வேறு ஒருவரின் வாக்கியம். நான் அதை மனப்பாடமாக வைத்திருந்தேன். பயந்துவிட்டேன். அது வந்துவிட்டது."

அழகான ஆங்கிலம் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் பழைய மனிதர் இருந்தால் ஒரு வரியையும் உள்ளே விட்டிருக்க மாட்டார். ஆனால் அவள் வாயில் இருந்து முதன்முதலாக அவளுடையதாக வந்த ஆங்கிலம் அதுதான். அவளுக்கு அது தோன்றவில்லை. எத்தனை இடத்தில் இலக்கணம் உடைந்தது என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

டைப்பிஸ்ட் அக்காவின் விரல்கள் விசைக்கு மேலே அந்தரத்தில் நின்றன. மைக்குக்கும் பேச்சு வரவில்லை. பின்னறைத் திரையில் அப்போது வெறும் கோடு மட்டும் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

அந்த மௌனத்தில்தான் அகராதி கவனித்தாள். ஆடிட்டரின் உதடுகள் லேசாக அசைந்தன. பேசுவதற்கு முன்னால் சொல்லிப் பார்க்கிறார். அவர் முன்னால் இருந்த குறிப்புத் தாளின் ஓரத்தில் பொடி எழுத்து ஓடியது, ஆங்கிலம் இல்லை, எந்த மொழியோ. இந்தப் பெண்மணியும் வேறு ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு பஸ்ஸில் முணுமுணுத்து வந்தவர்தான். இதைக் கண்டதும் அகராதிக்கு நியாயமாக ஆறுதல் வந்திருக்க வேண்டும். பயம்தான் கூடியது. ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுப் பேசுகிறவர்கள் அடுத்தவர் சொல்லில் எதையும் தவறவிட மாட்டார்கள் என்று அவளுக்குத் தன்னை வைத்தே தெரியும்.

"டீ குடிக்கும் இடம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார் ஆடிட்டர்.

போனார்கள். குளிர் அறை அண்ணனை அங்கே வரவழைத்தார்கள். ஆடிட்டர் ஆங்கிலத்தில் கேட்க, அகராதி தமிழில் சொல்ல, அண்ணன் பதில் சொன்னார்.

"ஆமா, இங்கதான் சொன்னேன். நாலு பேரும் இருந்தோம். திட்டுவாங்கன்னு நினைச்சேன், இவங்க டீயை ஆத்திக்கிட்டே கேட்டுக்கிட்டாங்க. அப்புறம் போய் எழுத உக்காந்தாங்க. நான் சொன்னது ஒரு வரி, இவங்க பக்கம் பக்கமா எழுதறாங்களே, ஜெயில்ல போட்டுடுவாங்களோன்னு அன்னிக்கு சாப்பாடே இறங்கல."

அகராதி கடைசி வரியில் தயங்கினாள். பிறகு அதையும் ஆங்கிலத்தில் சொன்னாள், ஜெயில் உட்பட. ஆடிட்டரின் வாய்க்கோடியில் ஒரு சின்ன அசைவு. சிரிப்பாகவும் இருக்கலாம். அவர் குனிந்து எழுதினார். வெகுநேரம் எழுதினார். அண்ணன் அகராதியின் காதருகே வந்து, "இவங்களும் உங்களை மாதிரியே நிறைய எழுதறாங்களேம்மா," என்றார் கவலையோடு.

சாயங்காலம் எல்லோரையும் உட்கார வைத்து ஆடிட்டர் முடிவை வாசித்தார். அகராதி மேஜைக்குக் கீழே இரண்டு கையையும் பின்னிக்கொண்டாள். லைன் ஓடலாம். ஒரு குறை: விசாரணையின்போது யார் என்ன சொன்னார்கள் என்பதை அங்கேயே எழுதி வைக்க வேண்டும், அந்த வழக்கம் இங்கே இல்லை. அவ்வளவுதான். மற்றவர்கள் மூச்சு விட்டார்கள். அவள், தான் கேட்டது சரிதானா என்று டைப்பிஸ்ட் அக்காவின் திரையை எட்டிப் பார்த்து ஒருமுறை படித்துக்கொண்டாள்.

ஆடிட்டரின் கார் போன பிறகு மைக் அவளை நடையில் நிறுத்தினார்.

"பேசாம இருந்திருந்தா அந்த ஒரு குறைகூட வந்திருக்காது."

"நாலு பொய்க் காகிதம் இருந்திருக்கும் சார்."

"இருந்திருக்கும். ஆனா நீ எழுதியிருந்தா நல்ல காகிதமா இருந்திருக்கும்மா," என்றார் உண்மையான வருத்தத்தோடு. போகத் திரும்பியவர் நின்றார். "அடுத்த வருஷமும் அந்தம்மாதான் வர்றாங்களாம். உன்னை முன்னறையில வைக்கச் சொல்லிட்டுப் போயிருக்காங்க."

பரிசு இப்படியும் வரும்.

வீட்டில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"லைன் இருக்கா?"

"இருக்கு."

"ஒரு டப்பாவுக்கு மூணு தடவை டேப் ஒட்டியிருக்கேன் இன்னிக்கு. கை தானா ஓடுது, நிறுத்த முடியல." கொஞ்ச நேரம் தேய்த்தார். "நீ உள்ள போனேன்னு சொன்னாங்க. வெறுங்கையோட ரெண்டாவது தடவை போனியாமே."

"போனேன்."

அவர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு, ஆங்கிலத்தில் கேட்டார். "ஏன்?"

அவள் வாயைத் திறந்தாள். பழைய மனிதரின் வாக்கியங்கள் கூப்பிடாமலே வந்து வாசலில் நின்றன, இஸ்திரி கலையாமல். ஒவ்வொன்றாக அனுப்பி வைத்தாள். அவை போன பிறகு உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. அடுத்த வருடம் அந்த முன்னறையில் இப்படித்தான் உட்கார்ந்திருக்கப் போகிறோம், ஒன்றுமே இல்லாமல், என்று நினைத்துக்கொண்டாள். முதல் சொல்லைத் தேடிப் பிடித்தாள். இரண்டாவது வரவில்லை.

வீட்டுக்காரர் குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு காத்திருந்தார்.